குவால் முடிந்ததா?

சில்லு செய்யும் ஆலையில் புதிதாக ஒரு கருவி வந்து இறங்கினால் அதை உடனே வேலைக்கு விடமாட்டார்கள். வாடிக்கையாளரின் ஆலையில், வாடிக்கையாளரின் வேஃபரில் (சில்லுகள் உருவாகும் சிலிக்கான் தகடு), வாடிக்கையாளர் வகுத்த கணக்குப்படி அது தேறிக் காட்ட வேண்டும். முழுப்பெயர் குவாலிஃபிகேஷன். ஆலைக்குள் அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை; 'குவால்'. சிங்கப்பூரில் எட்ச் பிரிவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் "குவால் முடிந்ததா?" என்பதுதான் காலை வணக்கம். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் அந்தக் கேள்வி ஒரு சீனக் கருவியைப் பற்றி எழுந்தபோது, கேட்டவர் உட்பட எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. முடியவில்லை, முடியாது, முடிய வேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை.

எட்சர் தோண்டுகிற கருவி. வேஃபரின் மேல் லித்தோகிராஃபி வரைந்து கொடுக்கும். அந்த வரைவின்படி பள்ளமும் துளையும் எடுப்பது எங்கள் பிரிவு. 'சேம்பர்' எனப்படும் வெற்றிட அறைக்குள் 300 மி.மீ. வேஃபரை வைத்து, ஃப்ளூரோகார்பன் வாயுவை விட்டு, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் அதைப் பிளாஸ்மா ஆக்கினால் அயனிகள் செங்குத்தாக இறங்கித் தோண்டும். பத்திரிகைகளில் படம் வருவதெல்லாம் வரைகிற கருவிக்குத்தான். தோண்டுகிறவனை, துளை கோணலாகப் போன அன்றைக்கு மட்டும் தேடுவார்கள். இந்தத் தோண்டும் வியாபாரத்தில் அமெரிக்காவின் லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ், ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரான் என்று மூன்று பெரிய தலைகள். நான்காவதாக ஒருவர் வரலாம் என்ற எண்ணமே எங்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

வந்தார்கள். ஜெரால்ட் யின் என்பவர் இன்டெல், லாம், அப்ளைடு மூன்றிலும் வேலை பார்த்தவர். மற்றவர்கள் ஓய்வுக்காலக் கணக்குப் போடும் அறுபது வயதில், 2004-ல், ஷாங்காய் திரும்பி ஏஎம்இசி என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2007-ல் அவர்களுடைய எட்சர் வெளிவந்தது. அதே வருடம் அப்ளைடு மெட்டீரியல்ஸின் வழக்கும் வந்தது. 2010-ல் அது சமரசத்தில் முடிந்தது. இடையில் லாம் ரிசர்ச் தைவானில் தன் பங்குக்கு ஒரு வழக்குப் போட்டது. எட்சர் செய்து பார்த்தவர்கள் பெய்ஜிங்கிலும் இருந்தார்கள். எங்கள் ஆலைக்கு வந்த கருவி எவருடையது என்பது இங்கே வேண்டாம். சீனாவிலிருந்து வந்தது என்பதே அன்றைக்கு எங்களுக்குப் போதுமான விவரமாக இருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே எங்கள் சட்டப் பிரிவு ஒரு கடிதம் கேட்டது: நாளைக்கு உங்கள் மேல் எவராவது வழக்குப் போட்டால் எங்களை இழுக்கக்கூடாது. கருவி தோண்டுமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

வாசலில் இத்தனை காவல் வைத்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரு வேஃபர் பல நூறு படிகளைத் தாண்டி வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் ஒரு துளை அடிவரை இறங்காமல் நின்றுவிட்டால் அது கடைசியில் மின்சோதனையில்தான் தெரியும். அதற்குள் அதே கருவி வழியாக எத்தனையோ லாட், அதாவது வேஃபர் தொகுதிகள், போயிருக்கும். ஆகவே பழைய கருவியையே வாங்கிய பொறியாளரை யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. புதியதை வாங்கச் சொன்னவரின் பெயர் மட்டும் கூட்டக் குறிப்பில் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதைக் காகிதத்தில் இறக்கிய விதம் அலாதி. துளையின் விட்டம் வேஃபரின் நடுவுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு வேறுபடலாம், வேஃபரில் தூசு எத்தனை விழலாம், இரண்டு பராமரிப்புக்கு நடுவில் எத்தனை வேஃபர் ஓட வேண்டும் என்று வரம்புகள் போட்டோம். எங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கருவி அதில் பாதி வரம்பைத் தொட்டதே கிடையாது. ஒரு கூட்டத்தில் தூசு வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். புதிய கருவியின் புள்ளிகளில் இரண்டு சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தன. ஷாங்காயிலிருந்து வந்திருந்த பொறியாளர் பணிவாகக் கேட்டார்: "உங்கள் இப்போதைய கருவியின் இதே வரைபடத்தைக் காட்ட முடியுமா? ஒப்பிட்டுப் பார்த்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்."

"அது ரகசியம்" என்றார் எங்கள் மேலாளர்.

"சரி. அது இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டுமாவது…"

"அது ஓடிக்கொண்டிருக்கிறது."

பழைய கருவியின் தூசுக்கு எங்களிடம் வேறு மரியாதை. அது 'தெரிந்த விஷயம்'. புதிய கருவியின் தூசு 'ஃபெயில்'. வீடு தருவதில்லை என்று தீர்மானித்துவிட்ட வீட்டுக்காரர், வந்தவரிடம் சைவமா அசைவமா, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், ஊரிலிருந்து யார் யார் வருவார்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி. வந்தவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம்.

ஷாங்காய்க்காரர்கள் சொன்னார்கள். பகலில் சொன்ன பதிலை ராத்திரியில் செய்தும் காட்டினார்கள். எங்கள் ராத்திரி ஷிஃப்டில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து கேட்கும். அந்த வருடம் அதில் ஷாங்காய்ப் பேச்சும் சேர்ந்துகொண்டது. சேம்பரைத் திறந்தால் உள்சுவரில் ஃப்ளூரோகார்பன் படிந்து பழுப்பேறியிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், துணியில் பழுப்பு வராமல் போகும்வரை துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கை நாமே திரும்பப் பூசுகிறோம் என்று அர்த்தம். எங்கள் டெக்னீஷியன்கள் துணி வெளுத்ததும் மூடிவிடுவார்கள். அந்தப் பொறியாளர் அதற்கு மேலும் சில துணிகளை எடுத்தார். வேஃபரைச் சுற்றி உட்காரும் விளிம்பு வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்த வளையம் பிளாஸ்மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்தால் ஓரத்தில் அயனிகள் நேராக இறங்காமல் சாய்ந்து விழும். ஓரத்துச் சில்லுகளில் துளை சாயும். எங்கள் பழைய கருவியில் அந்த வளையத்தை நாட்காட்டி பார்த்து மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் கையால் தடவிப் பார்த்து மாற்றினார்.

சரி, வாங்க மனமில்லாத ஆலை அதைத் தருவித்ததே ஏன்? இதற்கான பதில் எட்ச் பிரிவில் கிடையாது, கொள்முதல் பிரிவில் இருந்தது. பழைய கருவிக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஆலைக்கு வரும் நாளில், சீனக் கருவி இருக்கும் பக்கமாக அவரை அழைத்துப் போவார்கள். கண்ணாடி வழியாக அது தெரியும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் திருத்திய விலைப்பட்டியல் வந்துவிடும். இது எங்கள் ஆலையின் கண்டுபிடிப்பும் அல்ல. இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களின் பாதிப் பிழைப்பு, மற்றவரின் விலையைக் குறைத்துக் கொடுப்பதுதான்.

கடைசியில் எங்கள் ஆலை அதற்கு 'நிபந்தனையோடு தேர்ச்சி' கொடுத்தது. நிபந்தனை என்னவென்றால், எல்லாம் முடிந்தபின் மேலே மூடியிருக்கும் அடுக்கைத் திறந்து கம்பி இணைக்கும் இடத்தை வெளிக்காட்டும் வேலை மட்டும் செய்யலாம். மைக்ரான் கணக்கில் அகலமான பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு தோண்டலாம். நானோமீட்டரில் தோண்டப் பழகிய கருவியை அங்கே நிறுத்திவிட்டு, 'இதற்கு நுண்ணிய வேலையில் அனுபவம் போதாது' என்று அடுத்த அறிக்கையில் எழுதினோம். எட்சர் என்பது ஓடி ஓடித்தான் தேறும். சுவரில் எது எப்போது உரியும், எத்தனையாவது வேஃபரில் நடத்தை மாறும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான வேஃபர் போன பிறகே தெரியவரும். அனுபவம் இல்லாததால் வேஃபர் இல்லை. வேஃபர் இல்லாததால் அனுபவம் இல்லை. மூன்று பெரிய தலைகளைக் காத்த மதில் இதுதான். காப்புரிமையெல்லாம் இதற்கு அடுத்தபடி.

அந்த மதிலில் ஏணி வைத்தது வாஷிங்டன். 2015 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகத் துறை, பிளாஸ்மா எட்சர் ஏற்றுமதி மேல் வைத்திருந்த பழைய கட்டுப்பாட்டை நீக்கியது. சொன்ன காரணம்: ஒப்பிடத்தக்க தரத்திலும் போதுமான அளவிலும் சீனாவிலேயே எட்சர் கிடைக்கிறது, இனி கட்டுப்படுத்திப் பயனில்லை. நாங்கள் ஃபெயில் போட்டுக்கொண்டிருந்த ஊர்க் கருவிக்கு அமெரிக்க அரசு நற்சான்று கொடுத்த செய்தியை ஆலைச் சிற்றுண்டிச் சாலையில் படித்துச் சிரித்தோம். 2018 இறுதியில் ஏஎம்இசியின் 5 நானோமீட்டர் எட்சரை தைவானின் டிஎஸ்எம்சி சோதித்து ஏற்றுக்கொண்டது என்று செய்தி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. 2019 ஜூலையில் ஷாங்காயின் ஸ்டார் பங்குச்சந்தை திறந்த முதல் நாளே அந்தக் கம்பெனி பட்டியலில் இருந்தது.

அப்புறம் காற்று திரும்பியது. 2020 டிசம்பரில் சீனாவின் சில்லு ஆலைக் கம்பெனியான எஸ்எம்ஐசி மேல் தடை. 2022 அக்டோபர் 7-ல் முன்னேறிய சில்லு ஆலைகளுக்கு அமெரிக்கக் கருவியும், அமெரிக்கக் குடிமக்களின் உழைப்பும்கூடப் போகக்கூடாது என்ற விதி. வூஹானில் நினைவகச் சில்லு செய்யும் ஒய்எம்டிசியிலிருந்து அமெரிக்கக் கருவிக் கம்பெனிகளின் ஆட்கள் திரும்பினார்கள். 2015-ல் 'அவர்களிடமே இருக்கிறது' என்று கதவைத் திறந்த அதே துறை, 2022-ல் 'அவர்களிடம் இருக்கக்கூடாது' என்று மூடியது. இன்னொரு பக்கம் பென்டகன் தன் சீன ராணுவக் கம்பெனிகள் பட்டியலில் ஏஎம்இசியை 2021 ஜனவரியில் சேர்த்தது, ஜூனில் எடுத்தது. 2024 ஜனவரியில் மறுபடி சேர்த்தது, கம்பெனி வழக்குப் போட்டபின் டிசம்பரில் மறுபடி எடுத்தது. எங்கள் ஆலைகூட ஒரே கருவியின் முடிவை இத்தனை முறை மாற்றியதில்லை.

பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாபாரம் நிற்கவில்லை. 2019-ல் சுமார் 195 கோடி யுவானாக இருந்த ஏஎம்இசியின் ஆண்டு விற்பனை, 2024-ல் 900 கோடியைத் தாண்டியது. விற்பனைப் பிரிவுக்கு வாஷிங்டன் அளவுக்கு வேலை செய்த ஊழியர் அந்தக் கம்பெனியில் யாராவது உண்டா என்பது சந்தேகம்.

அன்று துணி துணியாகத் துடைத்த ஷாங்காய்ப் பொறியாளரைப் பல வருடம் கழித்து, புடோங்கில் மார்ச் மாதம் நடக்கும் செமிகான் சீனா கண்காட்சியில் பார்த்தேன். கருவிக் கம்பெனியை விட்டுவிட்டு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு சீன ஆலையில் எட்ச் பிரிவுக்குத் தலைமை. மேசையின் மறுபக்கம் போய்விட்டார். பழக்கதோஷத்தில் கேட்டேன்: "குவாலெல்லாம் எப்படிப் போகிறது?"

"கருவி வருவதற்கு முன்பே அதற்கு லாட் ஒதுக்கிவிடுகிறார்கள். வந்து இறங்கியதும் ஓட வேண்டியதுதான். ஓடும்போதே குவால்."

"ஃபெயில் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்குமே?"

"இருக்கிறது. அதில் யாரும் எழுதுவதில்லை. எழுதினால், சரி, இதற்குப் பதிலாக எதை வாங்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள்."

இப்போது அவரிடம் கருவி கொண்டுவரும் இளைஞர்கள் பழைய அமெரிக்கக் கருவியின் வரைபடத்தைக் கேட்கிறார்களா என்றேன். "கேட்பதற்கு முன்பே காட்டிவிடுகிறேன்" என்றார். "உதிரிபாகம் ஒழுங்காக வருவதில்லை. அதன் வரைபடமும் இப்போது அவ்வளவு அழகாக இல்லை."

இதைக் கேட்டு, அங்கே எதுவும் சோதிக்காமலே பாஸாகிறது என்று நினைத்துவிடக்கூடாது. படிவம் தயவு காட்டலாம், துளை காட்டாது. இருநூறு அடுக்குக்கு மேல் போகும் நினைவகச் சில்லில், அகலத்தைப்போல் அறுபது மடங்கு ஆழமான துளை வேண்டும். அதற்கான கருவி உற்பத்தியில் இருக்கிறது, தொண்ணூறு மடங்குக்கு உழைக்கிறோம் என்று ஏஎம்இசி அறிவித்திருக்கிறது. அவ்வளவு ஆழத்தில் துளை வளையும், முறுகும், பாதியில் நிற்கும். வீணாகும் வேஃபருக்கு யாரோ கணக்கு எழுதத்தான் வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், வீணாக்கக் கொடுக்க வேஃபர் இருக்கிறது. ஓரத்தில் நிறுத்திவைத்து அனுபவம் போதாது என்று எழுத இப்போது ஆள் இல்லை. எங்கள் மாதிரி ஆலைகள் வருடக்கணக்கில் தர மறுத்ததை ஏற்றுமதித் தடை ஒரே வருடத்தில் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். தடை போட்டவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் பக்கத்திலும் படிவம் மாறிவிட்டது. விட்டத்துக்கும் தூசுக்கும் முன்னால், முதல் பக்கத்திலேயே, கருவியும் அதன் பாகங்களும் எந்த நாட்டில் செய்தவை என்ற கேள்விகள் வந்துவிட்டன. 2024-ல் அமெரிக்கக் கருவிக் கம்பெனிகள் தங்களுக்குப் பாகம் தருபவர்களிடம் சீனப் பாகங்களைத் தவிர்க்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. 2025-ல், டிஎஸ்எம்சி தன் 2 நானோமீட்டர் வரிசைகளிலிருந்து சீனக் கருவிகளை விலக்குகிறது என்று செய்தி. 5 நானோமீட்டரில் தேறியவர் 2-ல் விலக்கப்பட்டதற்குத் துளையின் விட்டத்தை யாரும் காரணமாகச் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த ஆலையிலும் அந்தச் சீனக் கருவியைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பழைய சகா ஒருவர் சொன்னார். எட்ச் பிரிவில் யாருக்கும் வருத்தமில்லையாம். கொள்முதல் பிரிவில்தான் புலம்பல். விற்பனைப் பிரதிநிதி இப்போதும் வருகிறார், கண்ணாடிப் பக்கமாகவே அழைத்துப் போகிறார்கள். காபி குடித்துவிட்டு, போன வருட விலையில் ஒரு வெள்ளி குறைக்காமல் போய்விடுகிறாராம்.