கறுப்பின் கறுமை: பெருந்திரை ஒப்பீட்டியலுக்கு ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒப்பிலக்கியத்துக்கு இடம் உண்டு, ஒப்பிலக்கணத்துக்கும் உண்டு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குடும்பத்தோடு கடைக்குப் போய், சுவர் முழுக்க மாட்டியிருக்கும் திரைகளை அண்ணாந்து பார்த்து, “அதைவிட இது பளிச்சுன்னு இருக்குல்ல?” என்று முடிவெடுக்கும் கலைக்கு மட்டும் இன்னும் துறை அமையவில்லை. அக்குறையைப் போக்கும் சிறுமுயற்சியே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: 43 அங்குலம் முதல் 75 அங்குலம் வரை. ஆய்வுக் களம்: கடை, வீட்டுக் கூடம். கருதுகோள்: தொலைக்காட்சி நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாக அடித்துக்கொள்வது கறுப்பு நிறத்துக்காக, அந்தக் கறுப்பைப் பார்க்கும் பாக்கியம் நம் வீடுகளில் அநேகமாக யாருக்கும் வாய்ப்பதில்லை.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் தொடங்குவது மரபன்று. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தது. மற்றவர்கள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு சாலிடேரா, டயனோராவா என்று முதல் பிளவு தோன்றியது. இரண்டும் சென்னைப் பெயர்கள். படத்தின் தரத்தை நிர்ணயித்தவன் என்னவோ மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, “தெரியுதா? இப்பத் தெரியுதா?” என்று கத்திய பையன்தான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தது. ஒனிடா நிறுவனம் கொம்பு முளைத்த சாத்தானை விளம்பரத்தில் நிறுத்தி, பக்கத்து வீட்டாரின் வயிற்றெரிச்சலை ஒரு தொழில்நுட்ப அம்சமாகவே விற்றது. அந்த அளவுகோல் இன்றும் வழக்கொழியவில்லை. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே அளவுத் திரை. ஒப்பீட்டியல் வரலாற்றில் சண்டையில்லாத பொற்காலம் அது. இன்று சர்வசாதாரணமாக விற்கும் 55 அங்குலத் திரையின் பரப்பு அந்தப் பெட்டியினுடையதைப் போல் 13 மடங்குக்கும் மேல்.

இனிக் கறுப்புக்கு வருவோம்.

திரையில் வெளிச்சத்தைக் காட்டுவது எளிது. வெளிச்சமின்மையைக் காட்டுவதுதான் பாடு. எல்சிடி திரையின் முதுகில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் வேண்டிய இடத்தில் அந்த ஒளியை விட்டும், வேண்டாத இடத்தில் மறித்தும் படம் காட்டுகின்றன. எவ்வளவு மறித்தாலும் கொஞ்சம் கசியும். நள்ளிரவில் நாயகன் மதில் ஏறிக் குதிக்கும் காட்சியில் வானம் சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான். ‘எல்இடி டிவி’ என்று எழுதி விற்பதும் இதே எல்சிடிதான். முதுகிலுள்ள விளக்கு மட்டும் எல்இடி. இக்குடும்பத்தில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு கிளைகள். விஏ பேனலில் கறுப்பு தேவலை, ஆனால் நேரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐபிஎஸ் பேனலைப் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, கறுப்புதான் வெளுக்கும். சோபாவில் இடம் கிடைக்காமல் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொள்ளும் அத்தைக்கு ஐபிஎஸ்ஸே உகந்தது என்க. உள்ளே இருப்பது எந்தக் கிளை என்பதைப் பெட்டியின் மேல் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

இந்தக் குறையை வென்ற முதல் மதம் பிளாஸ்மா. 1964-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சின்னஞ்சிறு அறைகளில் அடைத்த வாயு மின்சாரத்தால் தூண்டப்பட்டு ஒளிரும். முதுகில் விளக்கு கிடையாது. பயனியர் நிறுவனம் 2007-இல் தன் பிளாஸ்மா வரிசைக்குச் சூட்டிய ‘குரோ’ என்ற பெயரே ஜப்பானியத்தில் கறுப்பைக் குறிப்பது. விமர்சகர்கள் உருகினார்கள். வாங்குகிறவர்கள் உருகவில்லை. 2009 பிப்ரவரியில் பயனியர் தொலைக்காட்சித் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மாவை நிறுத்தியது. மறு ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் கைவிட்டன. மின்செலவு, எடை, புள்ளிகளை 4கே அளவுக்குச் சிறிதாக்கும் சிரமம் என்று இதற்குக் காரணங்கள் பல. கடை விளக்கையும் அவற்றோடு சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பிளாஸ்மா மங்கலாகத் தெரிந்தது, பக்கத்திலிருந்த எல்சிடி கண்ணைப் பறித்தது. இருட்டிய வீட்டில் நிலைமை தலைகீழ். ஆனால் பணம் கைமாறுவது கடையில்.

அடுத்து ஓஎல்இடி. 1987-இல் இதற்கு வழிகாட்டிய ஆய்வுரையை வெளியிட்டவர்கள் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும். வேலை பார்த்தது கோடாக்கில், ஆம், ஃபிலிம் சுருள் விற்ற அதே கோடாக்கில். இத்திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் கறுப்பு, அவ்வளவுதான். உச்ச வெளிச்சத்தைக் கறுப்பின் வெளிச்சத்தால் வகுப்பதே கான்ட்ராஸ்ட் விகிதம். கறுப்பு சுழியமாகிவிட்டதால் விவரப்பட்டியலில் அந்த இடத்தில் முடிவிலி என்று போட்டுவிடுகிறார்கள். சுழியத்தால் வகுத்ததற்காக எட்டாம் வகுப்பில் அடி வாங்கியவர்கள் இதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஓஎல்இடிக்கு ஒரு பலவீனம். ஒரே உருவம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து தடம் விழக்கூடும். நிறுவனங்கள் படத்தை இம்மியளவு நகர்த்தி இதைத் தவிர்க்கப் பார்க்கின்றன. காலை ஆறு மணிக்குச் செய்திச் சேனலைப் போட்டுவிட்டு, கீழே சிவப்புப் பட்டையில் ‘சற்றுமுன்’ நாள் முழுக்க ஓடவிட்டு, இரவு உணவுக்குப் பின்தான் அணைக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

இடையில் க்யூஎல்இடி. சாம்சங் 2017-இல் பரப்பிய இப்பெயருக்குள் இருப்பது குவாண்டம் புள்ளிப் படலம் சேர்த்த எல்சிடி. படலம் நல்ல பொருள்தான். குவாண்டம் புள்ளிகளுக்காக 2023-இல் வேதியியல் நோபலே கொடுத்தார்கள். அது வண்ணத்தைத் தீட்டுகிறதே தவிர, கறுப்பைக் கறுப்பாக்குவதில்லை. ஆங்கிலத்தில் ஓ-வுக்கும் க்யூ-வுக்கும் நடுவே ஒரு சிறு வால்தான் வித்தியாசம்; விலைச்சீட்டில் அந்த வாலின் நீளம் சில பதினாயிரங்கள். மினி எல்இடி என்பதும் எல்சிடியே. முதுகு விளக்கைப் பல நூறு, சில ஆயிரம் துண்டங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைப்பார்கள். துண்டங்கள் போதாவிட்டால், இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றிச் சாமி படத்தில் இருப்பதுபோல் ஓர் ஒளிவட்டம் எழும்.

கம்பெனிப் பெயர் பற்றிய பகுதியில் ஆய்வாளர்கள் மனம் தளர்வது இயல்பு. “எங்க வீட்ல எப்பவுமே சோனிதான்” என்று சொல்கிறவர் தம் ஓஎல்இடியைத் திறந்து பார்க்க நேர்ந்தால், உள்ளே எல்ஜி டிஸ்ப்ளேயின் பேனல் இருக்கலாம். 2022-இல் வந்த சோனி ஏ95கே மாதிரியில் இருந்தது சாம்சங் டிஸ்ப்ளேயின் பேனல். சாம்சங்குக்கும் பெருமைப்பட நேரமில்லை. அதன் 83 அங்குல ஓஎல்இடி ஒன்றுக்குப் பேனல் வந்தது எல்ஜியிடமிருந்து. தோஷிபாவின் தொலைக்காட்சித் தொழிலை 2018-இல் சீனத்து ஹைசென்ஸ் வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும்விட உருக்கமானது கோடாக்கின் கதை. தன் ஓஎல்இடி தொழிலை 2009-இல் எல்ஜி தரப்புக்கு விற்றுவிட்டது. இன்று இந்தியாவில் கோடாக் என்ற பெயரில் விற்கும் சிக்கன விலைத் தொலைக்காட்சிகளை, பெயருக்கு உரிமம் வாங்கிய வேறொரு நிறுவனம் செய்கிறது. எனவே கம்பெனிப் பெயர் என்பது படத்தைச் சீராக்கும் சிப், மென்பொருள், வாரண்டி, சர்வீஸ் ஆகியவற்றின் பெயர் என்று கொள்வதே பொருந்தும். கடைசியாகச் சொன்னது முதன்மையானது. திருத்துறைப்பூண்டியில் திரை போனால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பதை எந்த விவரப்பட்டியலும் சொல்வதில்லை.

களப்பணிக்குப் போவோம். கடையில் ஓடுவது டெமோ. பஞ்சவர்ணக்கிளி, மெல்ல வழியும் தேன், ஜெல்லி மீன், இரவில் மின்னும் ஏதோ வெளிநாட்டு நகரம். மனித முகம் அபூர்வம். முகத்தின் நிறம் தப்பினால் யாருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கிளியின் உண்மை நிறம் இதுதானா என்று சரிபார்க்க யாரும் பிரேசில் போகப் போவதில்லை. பெட்டிகளெல்லாம் ஷாப் மோடில் இருக்கும்: வெளிச்சம் உச்சத்தில், வண்ணம் கொப்பளிக்க, வெள்ளையில் லேசாக நீலம் தூக்கலாக. விற்பனைப் பையன் டால்பி விஷன், டால்பி அட்மாஸ், 120 ஹெர்ட்ஸ் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்ததும், அதுவரை பேசாமல் நின்ற பாட்டி கேட்பார்:

“தம்பி, சன் டிவி போட்டுக் காட்டுப்பா.”

“இங்க கேபிள் கனெக்‌ஷன் இல்லம்மா. டெமோதான் வரும்.”

மொத்தக் கடையிலும் முறையான ஆய்வு வினாவை எழுப்பியவர் பாட்டி ஒருவரே. கணக்கைப் பாருங்கள். 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். சாதாரண எஸ்டி சேனல் அனுப்பும் படம் அதிகபட்சம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். வகுத்தால் மீதியின்றி 20 வருகிறது. அவர் பார்க்கப்போகும் சீரியலில் நாயகியின் முகத்தில் ஒவ்வொரு 20 புள்ளிக்கும் 19-ஐத் தொலைக்காட்சிப் பெட்டியே ஊகித்து நிரப்புகிறது. மாமியாரின் முறைப்பிலும் அதே விகிதம்.

ஊகிக்காமல் உண்மையான 4கே வந்தால்? நல்ல கண்பார்வை பிரித்தறியக்கூடிய மிகச்சிறு கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பது கண் மருத்துவக் கணக்கு. 55 அங்குல 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.32 மி.மீ. அதைத் தனியே காண 1.1 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். முழு எச்டிக்கே 2.2 மீட்டர் போதும். சோபா எட்டடி தள்ளி இருந்தால் முழு எச்டிக்கும் 4கே-க்கும் நடுவே கண்ணுக்குப் புள்ளிக் கணக்கில் பேதம் கிடையாது. 8கே வாங்க நினைப்பவர் திரைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

படத்தின் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி தனிச் சர்ச்சை. நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படத்துக்கு இடையிடையே சட்டகங்களைக் கற்பித்துச் சேர்ப்பதால் சினிமா சீரியல்போல் ஆகிவிடுகிறது என்று டாம் குரூஸ் 2018 டிசம்பரில் காணொளி வெளியிட்டே முறையிட்டார். மறு ஆண்டு அதை அணைத்துவைக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது. சினிமா சீரியல்போல் ஆவதைக் குறையாகக் கருதாத வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம் என்பதை டாம் குரூஸ் அறிய வாய்ப்பில்லை.

கருதுகோளுக்குத் திரும்பினால், அதை நிறுவுவது டியூப்லைட். நம் கூடத்தில் தொலைக்காட்சி ஓடும்போது விளக்கு எரியும். ஒருபுறம் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும், ஒருபுறம் வெண்டைக்காய் நறுக்குவார்கள். அந்த வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது, முடிவிலி கான்ட்ராஸ்ட்டும் முடிவுக்கு வந்துவிடுகிறது. விலை உயர்ந்த வகைகளில் ஒன்றான க்யூடி ஓஎல்இடி திரைகள் பலவற்றில் கறுப்பு, அறை வெளிச்சத்தில் லேசான ஊதா கலந்த சாம்பலாகவே தெரியும்.

ஆகவே வாங்கப்போகிறவர்களுக்கு: பென் டிரைவில் தெரிந்த முகங்கள் வரும் ஒரு பகல் காட்சி, ஓர் இருட்டுக் காட்சி, எஸ்டி தரத்தில் ஒரு பழைய பாடல் மூன்றையும் எடுத்துப்போய்ப் போடச் சொல்லுங்கள். ரிமோட்டை வாங்கி ஷாப் மோடிலிருந்து ஹோம் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற பழக்கம் உண்மையிலேயே இருந்தால் ஓஎல்இடிக்குக் கொடுக்கிற பணம் வீணில்லை. இல்லையென்றால் நல்ல எல்சிடியில் ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொண்டு, மீதியில் ஒரு சவுண்ட்பார் வாங்குவதே புத்திசாலித்தனம். மெலிந்த திரைகளின் ஸ்பீக்கர்களில் வசனம் சரியாகக் கேட்பதில்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், சவுண்ட்பாருக்கு இப்போது கையில் கொஞ்சம் காசும் மிஞ்சும்.