ஈகார பகரம்

எங்கள் அப்பத்தா வாயைத் திறந்தால் தெருநாய்கூட எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடும். ஆடு வேலி தாண்டினால், ஆட்டின் வம்சாவளி முழுவதையும் விசாரித்துவிட்டுத்தான் கம்பைத் தேடுவாள்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா இடக்கரடக்கல் நடத்தினார். நாலு பேர் நடுவே சொல்லக் கூசும் சொல் 'இடக்கர்'. அதை மூடிச் சொல்வது இடக்கரடக்கல். 'இடக்குப் பேசாதே' என்கிறோமே, அந்த இடக்குக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் என்றே என் காதுக்குப் பட்டது. தொல்காப்பியர் இடக்கரை 'அவையல் கிளவி' என்கிறார். அவைக்கு ஆகாத பேச்சு. நன்னூலில் பவணந்தியார் தகுதி வழக்கு மூன்றில் இடக்கரடக்கலுக்கு முதலிடமே கொடுத்துவிட்டார். 'கால் கழுவி வந்தான்' என்று அய்யா உதாரணம் சொன்னார். இடக்கர் அடங்கியது, வகுப்பு அடங்கவில்லை.

அடுத்த வாரம் 969ஆம் குறள். கவரிமாவின் மயிர் வந்ததும் கடைசி பெஞ்சு மொத்தமும் மேஜைக்கு அடியில் போய்விட்டது. வள்ளுவர் கூசாமல் எழுதிய சொல்லை இன்று முடிவெட்டுகிறவரே சொல்வதில்லை. நறுமணமாக இருந்த 'நாற்றம்' இப்போது மூக்கைப் பொத்த வைக்கிறது. மூடிய துணியிலும் வாடை ஏறிவிடும்போல. கொல்லைக்கு, வெளிக்கு, ரெண்டுக்கு, பாத்ரூம், இப்போது ரெஸ்ட்ரூம் என்று துணியை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். சரக்கு பழையதுதான்.

இதில் கெட்டிக்காரர் தொல்காப்பியரே. 'ஆ' என்றால் பசு. அதன் சாணத்துக்கு 'ஆப்பி' என்று பெயர். ஆவுக்குப் பின்னால் பீ வந்து, நடுவில் ஒற்று மிகுந்து, நெடில் குறுகும். இந்த விதியை எழுத அந்தச் சொல்லை எழுதித்தானே ஆகவேண்டும்? மனிதர் எழுதவில்லை. 'ஈகார பகரம்' என்று உயிரைத் தனியே, மெய்யைத் தனியே பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியில் படாமல் தாண்டிப் போய்விட்டார்.

சிலிர்த்துப்போய் வீட்டுக்கு ஓடினேன். அப்பத்தா வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா, நீ பேசுறதெல்லாம் இடக்கர். இனிமே ஈகார பகரம்னு சொல்லணும்."

"எவன்டா சொன்னது?"

"தொல்காப்பியர்."

முழங்கை வரைக்கும் இருந்த ஆப்பியைச் சுவரில் ஓங்கி அறைந்துவிட்டுக் கேட்டாள்: "அவரு வீட்டு மாட்டுத் தொழுவத்த யாருடா கூட்டி அள்ளுனா?"