நாடிக்குப் பாடு போட்டவர்களுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
வலை கட்டுகிற ஒருவன்,
லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் மற்றும் ஆணையர்கள்,
அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம்,
வாஷிங்டன்.

பொருள்: மணிக்கட்டில் ரத்த ஆக்சிஜன் அளக்கும் உரிமை – மாசிமோ, ஆப்பிள் கம்பெனிகளின் தகராறு – எங்கள் பாத்தியதையைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் 26.10.2023 தேதியிட்ட இறக்குமதித் தடை உத்தரவு.

ஐயா, அம்மா, வணக்கம்.

எங்கள் ஊரில் இரண்டு படகின் வலை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், பொழுது சாய்வதற்குள் பஞ்சாயத்து முடிந்துவிடும். கொஞ்சம் சத்தம், கொஞ்சம் அபராதம், ஆளுக்கொரு டீ. உங்கள் நாட்டில் 2020 ஜனவரியில் தொடங்கிய சண்டை 2025 முடியப்போகும்போதும் கோர்ட் வாசலிலேயே நின்றது என்று பேப்பரில் படித்தேன். மீனுக்காகச் சண்டை என்றாலும் புரியும். நாடித்துடிப்புக்காகச் சண்டையாம். அனுபவப்பட்டவன் ஒரு வார்த்தை எழுதிப் போடுவோமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா நாற்பது வருஷம் மீன்கூடை சுமந்தவள். அவளிடம் வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் விடியற்காலை மீன். வெளுத்திருந்தால் ஐஸ் மீன். பழுப்பேறியிருந்தால் பூனைக்கு. உங்கள் வழக்கில் இருக்கும் கடிகாரம் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான். அதன் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தோலுக்குள் போகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேர்மாறு. திரும்பி வரும் ஒளியில் எது எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று கணக்குச் சொல்கிறது. ‘முன்னரே அறியப்பட்ட நுட்பம்’ என்ற தலைப்பில் அம்மாவின் கட்டைவிரலை இம்மனுவோடு இணைக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சந்தை இருக்கிறது, தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அவளை விட்டாலும், உங்கள் இரண்டு கம்பெனிக்கும் முந்தியவர் ஒருவர் இருக்கிறார். ஜப்பானில் டக்குவோ அவோயாகி என்ற பொறியாளர். ரத்தத்தில் சாயம் கலந்து ஏதோ அளக்கப்போனவருக்கு, நாடி அடிக்கும்போதெல்லாம் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தைத் தொலைக்கப் பார்த்தவர், ஆடுகிற பாகம்தான் தமனி ரத்தம், அதிலேயே ஆக்சிஜன் கணக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1974 மார்ச்சில் அவர் கம்பெனி ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அவர் இறந்தது 2020 ஏப்ரலில். கொரோனாவில் உலகமே அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த மாதம். அவர் உங்கள் வாசலுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

வந்தவர்கள் கதைக்கு வருகிறேன். மாசிமோ ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற கலிபோர்னியா கம்பெனி. 2013-ல் ஆப்பிள் எங்களோடு பேச்சு நடத்தியது, பிறகு எங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டது, நுட்பத்தையும் எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் புகார். அப்படியெல்லாம் இல்லை என்பது ஆப்பிளின் பதில். 2020 செப்டம்பரில் ரத்த ஆக்சிஜன் காட்டும் சீரிஸ் 6 கடிகாரம் வந்தது. 2021-ல் மாசிமோ உங்களிடம் வந்தது. 2023 அக்டோபரில் நீங்கள் தடை போட்டீர்கள். கிறிஸ்துமஸ் வியாபார நேரத்தில் சீரிஸ் 9, அல்ட்ரா 2 கடிகாரங்கள் ஆப்பிள் கடையிலிருந்து இறங்கின. டிசம்பர் 27-ல் அப்பீல் கோர்ட் உங்கள் தடைக்குத் தற்காலிகத் தடை கொடுத்தது, கடிகாரம் மறுபடி ஏறியது. அந்தத் தற்காலிகத் தடை விலகியதும், 2024 ஜனவரி 18 முதல் ரத்த ஆக்சிஜனை மட்டும் முடக்கிவிட்டு விற்றார்கள். விளக்கு இருக்கிறது, அந்த வேலைக்கு எரியக் கூடாது! லைட்ஹவுஸ் பேரில் ஊர் வைத்துக்கொண்டு வாழ்கிறவனுக்கு இதைவிட வேதனை உண்டா?

அடுத்த திருப்பம்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம். 2025 ஆகஸ்டில், சுங்க இலாகாவின் ஒப்புதலோடு, ஆப்பிள் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒளி அனுப்பி வாங்குவது கடிகாரம். கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுவது சட்டைப்பையில் இருக்கும் போன். எங்கள் பாஷையில் சொன்னால், மீனைப் படகிலேயே எடை போட்டால் திருட்டு, கரைக்கு வந்து எடை போட்டால் வியாபாரம். மீன் அதே மீன், தராசும் அதே தராசு. இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை அபராதம் மிச்சமாகியிருக்கும்! இது செல்லுமா என்று 2025 நவம்பரில் நீங்கள் மறுபடி விசாரணை எடுத்தீர்கள். அதே மாதம் கலிபோர்னியா ஜூரி, வேறொரு காப்புரிமைக்காக மாசிமோவுக்கு 63.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் பெரிய கேள்வி, கடிகாரம் ‘நோயாளியைக் கண்காணிக்கும் கருவி’யா என்பது. ஆம் என்றது ஜூரி. கடிகாரத்தின் குறிப்பிலோ, இந்த ஆக்சிஜன் அளவு மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று எழுதியிருக்கிறது. வாங்குகிறவன் நோயாளியா இல்லையா என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

ஆப்பிள் சும்மா இருக்கவில்லை. மாசிமோவின் கடிகாரம் எங்கள் வடிவத்தைக் காப்பியடித்தது என்று டெலவேரில் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் ஜெயித்தது. கிடைத்த நஷ்டஈடு 250 டாலர். எங்கள் ஏரியில் இறால் நன்றாகப் பட்ட ஒரு நாள் வரும்படி. வக்கீல் டீச்செலவுக்காவது ஆகியிருக்கும்.

பழவேற்காடு ஏரியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். பேர் பாடு. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பது. இன்று நல்ல இடம் எனக்கு, அடுத்த முறை அடுத்தவனுக்கு. இது பெரிய நியாயம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஏரிக்குப் பின்னால் வந்தவர்களையும் வேறு சாதிக்காரர்களையும் பாட்டில் சேர்க்காமல் வைத்த பழி எங்கள் தலையில் இருக்கிறது. அந்தச் சண்டையையும் பார்த்திருக்கிறோம். ஆனால் பாட்டில் ஒரு நல்ல குணம் உண்டு: முறை மாறும். உங்கள் காப்புரிமை இருபது வருஷப் பாடு. அதுவரை மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து வக்கீலுக்கு வலை பின்ன வேண்டும். ஏகபோகமும் எங்களுக்குப் புதிதில்லை. 1613-ல் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டி, துணி வியாபாரம் எல்லாம் தங்களுக்கே என்று இருந்தார்கள். இங்கிருந்து போன கைலிக்கு மலேசியாவில் இன்றும் ‘பெலிகட்’ என்று எங்கள் ஊர்ப் பேர்தான். ஒரு காசு ராயல்டி வந்ததில்லை. ஒல்லாந்தர் கல்லறை மட்டும் இருக்கிறது, எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு. வந்தால் காட்டுகிறேன்.

இனி மனுவின் காரணம். மச்சான் மகன் துபாயிலிருந்து ஒரு கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். கம்பெனி பேர் வேண்டாம், சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவீர்கள். வலை இழுத்துவிட்டு வந்த என் கையில் மாட்டினான். உப்பு வெடித்த கை, வெயிலில் கருத்த தோல். முதல் தடவை ஒன்றும் காட்டவில்லை. “கையை ஆட்டாதீங்க மாமா” என்றான். இரண்டாம் தடவை 91. மூன்றாம் தடவை 98. எதை நம்புவது என்றேன். “நல்லதை நம்புங்க” என்றான்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 2020 டிசம்பரில் மிச்சிகன் டாக்டர்கள் எழுதியதைப் பிறகு படித்தேன். அவர்கள் பார்த்தது கடிகாரத்தை அல்ல, ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டுகிற கருவியை. அது 92 முதல் 96 வரை, பயமில்லை என்று காட்டிய நேரத்தில், ரத்தம் எடுத்துப் பார்த்தால் 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பினத்தவரிடம் எடுத்த ரத்தச் சோதனைகளில் நூற்றுக்குச் சுமார் 12-ல். வெள்ளையரிடம் எடுத்ததில் சுமார் 4-ல். தோலின் கருமையும் ஒளியை விழுங்குகிறது, கணக்கு ஏமாறுகிறது. பலவகைத் தோல்நிறத்தவரிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லி உங்கள் உணவு, மருந்து நிர்வாகம் வரைவு வழிகாட்டி வெளியிட்டது 2025 ஜனவரியில். எங்கள் ஏரியில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறார்கள். இந்த ஊரின் முதல்தரச் சென்சார் அந்த விரல்கள். கொரோனாவில் அந்த விரல்களிலும் கருவியை மாட்டித்தான் 95 பரவாயில்லை, வீட்டுக்குப் போ என்றார்கள்.

சரியாகக் காட்டுவதற்கு உரிமை கேட்டு இரண்டு கம்பெனி உங்கள் வாசலில் நிற்கிறது. தவறாகக் காட்டியதற்கு உரிமை கேட்டு ஒருவராவது வந்தாரா?

ஆகவே கேட்டுக்கொள்வது:

1. செவுள் பார்க்கும் கட்டைவிரலைத் தடை உத்தரவிலிருந்து விலக்க வேண்டும்.

2. பெட்டியின் மேல் காப்புரிமை எண் அச்சிடும் இடத்துக்குப் பக்கத்தில், இந்தக் கருவியை எத்தனை கருத்த கைகளில் மாட்டிப் பார்த்தார்கள் என்ற எண்ணையும் அச்சிடச் செய்ய வேண்டும். அது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால், யார் அதிகாரத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு இம்மனுவை அனுப்பிவைக்க வேண்டும்.

அம்மா நல்ல மீன் என்று சொல்லிக் கொடுத்தது கெட்டுப்போயிருந்தால், வாங்கியவள் மறுநாள் அதை அவள் கூடையிலேயே விட்டெறிவாள். அம்மா ஒன்றும் பேசாமல் வேறு மீன் எடுத்துக் கொடுப்பாள். நாற்பது வருஷமும் அப்படித்தான் நடந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வலை கட்டுகிற ஒருவன்.