மைனஸ் 12-இல் குடித்தனம்

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறார் என் கணவர். துருவப் பனியிலேயே கிருமி வளர்வதாகப் படித்தேனே?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. ஃப்ரிட்ஜில் பெரும்பாலான கிருமிகள் சாவதில்லை, மந்தமாகின்றன. லிஸ்டீரியா என்ற கிருமிக்கு அந்த மந்தமும் அரைகுறைதான். 4 டிகிரியிலும் பெருகும்.

அலாஸ்காவின் பாரோ முனையருகே கடற்பனியில் கிடைத்த சைக்ரோமோனாஸ் இங்ரஹாமி என்ற நுண்ணுயிர் அதற்கும் மேல். மைனஸ் 12 டிகிரியில் வளர்கிறது. ஒன்று இரண்டாக 10 நாள் ஆகும். தோதான சூட்டில் நம் குடல்வாசி ஈ.கோலி 20 நிமிடத்தில் முடிக்கிற காரியம் அது! ஆனாலும் முடிக்கிறதல்லவா?

எப்படி? கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் சேர்வதில்லை. ஒதுக்கப்பட்ட கடும் உப்புநீர் மயிரிழைக் கால்வாய்களில் உறையாமல் தேங்கும். குடித்தனம் அங்கேதான். உடல் விறைக்காதா? மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஆகாது. கொழுப்பின் ரகம் அப்படி. இந்த நுண்ணுயிர்களும் உடல் சவ்வில் உறையாத ரகக் கொழுப்பையே அதிகம் வைத்துக்கொள்கின்றன. நொதிகளுக்கும் குளிரில் விறைத்துப்போகாத நெகிழ்வான கட்டமைப்பு.

வெயிலாவது வேண்டாமா என்பீர்கள். அதுவும் வேண்டாம். அண்டார்டிகாவில் சுமார் 800 மீட்டர் பனிக்கடியில் இருக்கிறது வில்லன்ஸ் ஏரி (பெயர்தான் அப்படி, கெட்டவர் யாருமில்லை). 2013-இல் துளையிட்டு நீரை எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1,30,000 நுண்ணுயிர்கள். அம்மோனியா, மீத்தேன் என்று கிடைத்ததைக் கொண்டு பிழைக்கின்றன.