டைஹாட்சு துரைமாருக்கு ஒரு தோட்டத்து மனு

பெறுநர்: டைஹாட்சு மோட்டார் நிறுவனத்தார், ஓசாக்கா, ஜப்பான்.
அனுப்புநர்: நெகிரி செம்பிலான் தோட்டத்துக் காடிக்காரர்கள், மலேசியா.

மதிப்பிற்குரிய துரைமார்களே,

சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்து வாசல்களில் நிற்கும் காடிகள் பெரும்பாலும் உங்கள் கூட்டாளி பெரோடுவாவின் மைவியும் அக்சியாவும்தான். ஒன்பது வருடத் தவணையில் வாங்கியவையும் அவற்றில் உண்டு.

2023 ஏப்ரலில் தாங்கள் ஒப்புக்கொண்டதைப் படித்து வியந்தோம். மோதல் சோதனைக்குப் போன காடியின் கதவு உட்பலகையில் ஒரு வெட்டு. கடைக்கு வந்த காடியில் அது இல்லை. அக்சியாவும் சேர்த்து 88,000 காடிகள். டிசம்பரில் விசாரணைக் குழு தோண்டியபோது 64 மாடல்கள், 174 முறைகேடுகள். மிகப் பழையது 1989-இல் நடந்தது!

ரப்பர்க் காலத்தில் எங்களிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். பால் வாளியில் தண்ணீர் கலந்து எடை கூட்டுவார்கள். கணக்கெழுதும் கிராணி, தண்ணீர்க் கலப்பைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிடுவார். குட்டு உடைந்து சம்பளம் குறையும். "வேலை அவசரம், ஐயா" என்றால் எடுபடாது. உங்களை விசாரித்த குழுவோ, கால நெருக்கடிதான் காரணம் என்று பரிவோடு எழுதியிருக்கிறது. அப்படியொரு குழு அன்று எங்கள் பால் கொட்டகைக்கும் வந்திருக்கக் கூடாதா?

மறுசோதனையில் காடி தேறிவிட்டதாம். சந்தோஷம். தேறுகிற காடிக்கு வெட்டு எதற்கு?

புகைச் சோதனையில் ஏமாற்றி 2015-இல் பிடிபட்ட ஃபோக்ஸ்வேகன், அமெரிக்கக் காடிக்காரருக்கு 5,100 முதல் 10,000 டாலர் வரை கொடுத்தது. வேண்டாம் என்றவரிடம் காடியையும் திரும்ப வாங்கிக்கொண்டது. ஜெர்மானியர் வழக்காடி, 2020-இல் 1,350 முதல் 6,257 யூரோ வரை பெற்றார்கள். இந்தியாவில் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்காகக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்த அபராதமும் காற்றுக்கு நேர்ந்த கேட்டுக்கு, காடிக்காரருக்கு அல்ல. ஆக, நியாயத்துக்கும் நாட்டுக்கு நாடு விலை உண்டு. நெகிரி செம்பிலானுக்கு என்ன விலை என்று சொன்னால் நன்று.

கை கால் போனதற்கு நாங்கள் கேட்கவில்லை. முறையாகச் சோதித்த காடி என்று விலை வாங்கினீர்கள். அப்படிச் சோதிக்காததைத் தந்தீர்கள். அந்த வித்தியாசத்தைக் கொடுங்கள். மொத்தமாக முடியாதென்றால் ஒன்பது வருடத் தவணையில் தரலாம். ஒரு மாதம் தவறினால் உங்கள் தொழிற்சாலையை இழுத்துப் போகமாட்டோம்.

கடைசியாக ஒன்று. இதற்குப் பதில் எழுதினால், அதை வெளியார் ஒருவர் சரிபார்த்த பிறகு அனுப்பவும்.

இப்படிக்கு,
தவணை தவறாதவர்கள்