எங்கள் வீட்டு உலாவியை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
எங்கள் வீட்டு உலாவியை நிர்வகிக்கும் நிறுவனம்.
(முகவரி தெரிந்திருந்தால் நேரிலேயே வந்திருப்பேன்.)

பொருள்: பணி நியமன ஆணை, சம்பள நிலுவை, தீபாவளி போனஸ் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கினால், பட்டியலின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி வருகிறது. கணினி நான் ரொக்கம் கொடுத்து வாங்கியது. நான் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். மகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் யாரிடமும் நிறுவனம் இல்லை. நிர்வாகம் என்று பார்த்தால் என் மனைவி, அவளும் உலாவி வரைக்கும் வந்ததில்லை. ஆக, எங்களுக்கே தெரியாமல் நாங்கள் தங்கள் ஊழியர்களாகியிருக்கிறோம்.

ஆள் எடுத்த விதம் பிறகுதான் விளங்கியது. மகள் விண்ணப்பித்த இடத்தில் சான்றிதழை 200 கேபிக்குள் பிடிஎஃப்-ஆகக் கேட்டிருந்தார்கள். சுருக்கித் தரும் மென்பொருளைத் தேடினாள். வந்த பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று பச்சைப் பச்சையாய்ப் பொத்தான்கள். நிஜ இணைப்பு மட்டும் அடியில் எறும்பு எழுத்தில். நிறுவும்போது இரண்டு வழி: ‘எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுகிறது’, ‘கஸ்டம், நிபுணர்களுக்கு மட்டும்’. அந்த நிபுணர் வழியில் போனால்தான், ‘தேடல் உதவியாளரையும் நிறுவ ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் எங்கள் சார்பில் நீங்களே டிக் அடித்து வைத்திருப்பது தெரியும். எழுத்துத் தேர்வு இல்லை, நேர்முகம் இல்லை, சிபாரிசுக் கடிதம்கூட இல்லை. நாட்டில் இவ்வளவு சுலபமாக ஆள் எடுக்கும் இடம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

வேலையும் அன்றே ஆரம்பமாகிவிட்டது. தங்கம் விலை என்று தேடினால், முகவரிப் பட்டையில் கேள்விப்படாத ஒரு பெயர் மின்னி மறைகிறது. பிறகு தங்கத்தைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது. மனைவி பிரதோஷம் எந்தத் தேதி என்று பார்க்கப் போய் ரம்மி ஆட அழைக்கப்பட்டாள். நாங்கள் தேடும் ஒவ்வொரு தடவைக்கும் தங்களுக்கு விளம்பரக் காசு விழுகிறது. அதாவது உற்பத்திப் பிரிவே நாங்கள்தான். நான் சம்பளம் கேட்பதில் தவறில்லையே?

தங்கள் பரம்பரை சாதாரணமானதல்ல என்பதும் அறிவேன். ஒரு காலத்தில் ஜாவாவின் பாதுகாப்பு மேம்படுத்தலோடு ‘ஆஸ்க்’ கருவிப்பட்டை டிக் அடித்தபடியே வந்தது. கணினியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கே அது கிடைத்தது. 2014-ல் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ உள்ளேயே இருந்தது. விளம்பரம் செருகுவதற்காக, பூட்டுப் போட்ட வங்கித் தளங்களுக்கும் தானே சான்றிதழ் எழுதிக் கொடுக்கும். எல்லா மடிக்கணினிக்கும் ஒரே சாவி. அமெரிக்காவில் 32 மாநிலங்கள் விடவில்லை. 2017-ல் 35 லட்சம் டாலர் கொடுத்து லெனோவோ வழக்கை முடித்துக்கொண்டது. விளம்பர மென்பொருள் நிறுவனமான ‘ஸாங்கோ’ இன்னும் ரோஷக்காரர்: தம்மைத் தடுத்ததற்காக வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி மீதே வழக்குப் போட்டார். 2009-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு காஸ்பர்ஸ்கி பக்கம் வந்தபோது ஸாங்கோ கடையைக் கட்டியிருந்தார்.

ஊழியர் எண்ணிக்கையிலும் குறைவில்லை. பெய்ஜிங்கின் ராஃபோடெக் நிறுவனம் பரப்பிய, தங்களைப் போலவே உலாவியைப் பிடிக்கும் ‘ஃபயர்பால்’ உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில், இந்தியாவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் இருப்பதாக 2017-ல் பாதுகாப்பு நிறுவனமான செக் பாயிண்ட் மதிப்பிட்டது. மிகைக் கணக்கு என்றது மைக்ரோசாஃப்ட். பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டாலும் நம் ரயில்வேயை விடப் பெரிய பட்டாளம். அங்கே போனஸ் உண்டு.

சம்பளம் வராததால் ராஜினாமா செய்யப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் மற்றவற்றுக்கெல்லாம் ‘ரிமூவ்’ இருக்கிறது, தங்களுக்கு இல்லை. நிர்வாகி நிறுவியதாம். நீக்குவது எப்படி என்று தேடினேன்; தங்கள் தேடல் பக்கமே ‘ஒரே கிளிக்கில் நீக்கும்’ மென்பொருளைக் காட்டியது, எக்ஸ்பிரஸ் வழியில் நிறுவச் சொல்லி. இந்தச் சாமர்த்தியத்துக்குத் தனியாக ஒரு வணக்கம். கணினிக் கடைத் தம்பி, “ஃபார்மேட் போட்டுடலாம் சார்” என்றார். எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

பிறகு பழைய புத்தி வேலை செய்தது. கோப்பு என்றிருந்தால் அதற்கு ஆணை ஒன்று இருக்கும். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் தங்கள் நிலையாணைகள் வரிசையாக வருகின்றன. கட்டாயமாக நிறுவ வேண்டிய எக்ஸ்டென்ஷன் என்ற தலைப்பின் கீழ், பெயருக்குப் பதில் 32 ஆங்கில எழுத்துகள். ரெஜிஸ்ட்ரியில் ‘பாலிசீஸ்’ கிளையில் அதே 32 எழுத்து உட்கார்ந்திருந்தது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கினேன். மறுநாள் காலை அது பணிக்குத் திரும்பியிருந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால், ‘அப்டேட்டர்’ என்ற அப்பாவிப் பெயரில் ஒருவர், கணினி விழிக்கும்போதெல்லாம் ஆணையைப் புதிதாக எழுதிவிட்டுப் போகிறார். என் சர்வீஸில் இவ்வளவு ஒழுங்கான குமாஸ்தாவைப் பார்த்ததில்லை. முதலில் அவரை நீக்கிவிட்டு, அப்புறம் ஆணையைக் கிழித்தேன். டெஸ்க்டாப் ஐகானின் ‘டார்கெட்’ வரியின் வாலில் தங்கள் முகவரி ஒட்டியிருந்தது, அதையும் வெட்டினேன். மிச்சம் மீதியை மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் இலவசமாகப் பெருக்கிக் கொடுத்தது. குரோமுக்குள்ளேயே ஒரு துடைப்பம் இருந்தது. இனி அவ்வளவாகத் தேவையில்லை என்று கூகுள் 2023-ல் எடுத்துவிட்டது. தங்களுக்கு வாழ்த்துத் தந்தி வந்திருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தாங்கள் பெற்றிருந்த அனுமதி ‘எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தரவையும் படிக்கலாம், மாற்றலாம்’ என்பது. கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றிவிட்டேன். ஆனாலும் எங்கள் பணிப்பதிவேட்டில் என்னென்ன ஏறியிருக்கிறது, அதை யாருக்கு விற்றீர்கள், என்ன விலைக்கு என்ற விவரத்தை அனுப்பி வையுங்கள். விற்ற தொகையில் எங்கள் பங்கை நிலுவையோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். தனியாக விண்ணப்பிக்க மாட்டேன்.

பதிலை விரைவுத் தபாலில் அனுப்பவும். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று திரை மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பாக அனுப்பினால் வந்து சேராது; அந்த அனுமதியை எடுத்தாயிற்று.

இப்படிக்கு,
விருப்ப ஓய்வு பெற்ற ஊழியர்
(பணியில் சேர்ந்த தேதி: தங்கள் பதிவேட்டைப் பார்க்கவும்)