நந்திக்கு நெகட்டிவ் மார்க்

முதலாண்டு பி.ஆர்க். பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை வரலாறு நடத்துவது என் பிழைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. எகிப்தைத் தாண்டி கிரேக்கத்துக்குள் நுழைவதற்குள் கடைசி பெஞ்ச் கண்ணயர்ந்துவிடும். டெக்னாலஜியைக் கையில் எடுங்கள் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். எடுத்தேன். பட்டறையில் பிரியாணி நன்றாக இருந்ததும் ஒரு காரணம்.

முதலில் அட்டைப்பெட்டி வி.ஆர். கண்ணாடி. கூகுள் தன் கார்ட்போர்டு விற்பனையை 2021-லேயே நிறுத்திவிட்டது. நான் அதற்கப்புறம்தான் அதே மாதிரிக் கண்ணாடிகளைச் சொந்தக் காசில் வாங்கிக் குவித்தேன். ஏன் இவ்வளவு சல்லிசு என்று கடைக்காரரைக் கேட்டிருக்கலாம்.

மாட்டிக்கொண்டு எல்லோரும் கிரேக்கர்களின் பார்த்தினான் கோயிலுக்குள் போனோம். கிரேக்கர்கள் தூணின் நடுப்பகுதியை மிக லேசாகப் புடைக்க வைப்பார்கள், பேர் என்டாஸிஸ். நேரில் போய் நின்றாலும் சட்டென்று பிடிபடாது. "சார், தூணெல்லாம் வளைஞ்சு தெரியுதே, இதானே அது?" என்றான் ஒரு பையன். பூரித்துப்போய் "அதேதான்!" என்றேன். "பக்கத்துல நிக்கிற ஆளும் வளைஞ்சிருக்காரே சார்?" வளைந்தது லென்ஸ்.

பிறகு பாடத்தை வீடியோவாக்கினேன். எல்லோரும் 2 எக்ஸ் வேகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கடுப்பில் நானும் அப்படியே ஓடவிட்டுப் பார்த்தேன். பரவாயில்லை, கேட்கும்படி இருந்தேன்.

அடுத்து போட்டோகிராமெட்ரி. ஒரு பொருளைச் சுற்றிச்சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரிப் படங்கள் எடுத்தால் ஆப் அவற்றைத் தைத்து முப்பரிமாண மாடலாகத் தரும். மாமல்லபுரம் போனேன், சகாதேவ ரதத்துக்காக. பின்பக்கம் யானை முதுகாக வளைந்த தூங்கானை மாடம், அதாவது கஜபிருஷ்டம். பொருள் அசையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ரதம் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து அசையவில்லை. செல்ஃபி கூட்டம் அசைந்தது. மாடலில் கூரை காணோம், சுவரில் மட்டும் ஒரு துப்பட்டா முளைத்திருந்தது.

ரதத்துக்குப் பக்கத்திலேயே பல்லவச் சிற்பிகள் ஒரு முழு யானையைப் பாறையில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கஜபிருஷ்டம் என்றால் என்னவென்று விளங்காதவன் அதன் பின்னால் போய் நின்றால் போதும். நான் அதன் நிழலில் உட்கார்ந்து பவர்பேங்க் தேடிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம்கூட மன்னிக்கலாம். ஆன்லைன் க்விஸ் வைத்தேன் பாருங்கள். "சிவன் கோயிலில் நந்தி எப்போதும் கருவறையைப் பார்த்தே இருக்கும். சரியா, தவறா?" சரி என்பது என் விடை. தவறு என்று அழுத்தியது ஒரே ஒரு பெண். திரையில் சிவப்புக் குறி, கூடவே நெகட்டிவ் மார்க்.

"சார், எங்க ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தி சாமிக்கு முதுகைக் காட்டிட்டு வாசலைப் பாத்துதான் உக்காந்திருக்கு. தொண்டைமான் ராஜாவுக்குத் துணையா சண்டைக்குக் கிளம்பின நந்தி சார் அது."

"எந்த ஊரும்மா?"

"திருமுல்லைவாயில் சார்."

நான் குடியிருப்பதே திருமுல்லைவாயிலில்தான். பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் அதே கோயிலின் கொடியிடை அம்மனைப் பார்க்க வீட்டில் இழுத்துக்கொண்டு போவார்கள். அங்குள்ள எருக்கந்தூண் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோயில் விமானமும் தூங்கானை மாடம்தான். அதைத் தேடித்தான் மாமல்லபுரம் போய்வந்தேன். நந்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் கண்ணில் படவே இல்லை. கோயிலுக்குள் போனால் என் நினைப்பெல்லாம் வெளியே விட்ட செருப்பில் இருக்கும்.

கேள்வியில் 'எப்போதும்' என்பதைப் 'பெரும்பாலும்' ஆக்கினேன். போட்ட மார்க்கை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அதையும் அந்தப் பெண்தான் செய்துகொடுத்தாள். போகிற போக்கில், "ஏழாவது கேள்வியையும் ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்றாள்.